விலாசம் விற்பவர்

கடை வேண்டியதில்லை, களஞ்சியம் வேண்டியதில்லை, ஒரு மேசையும் எழுதப் பொறுமையும் இருந்தால் நடத்தக்கூடிய வியாபாரம் ஒன்றுண்டு. பிறருடைய பெயரையும் விலாசத்தையும் திரட்டி, வேண்டுவார்க்குக் கொடுத்துப் பொருளீட்டுவதே அது. கேட்க விநோதமாயிருக்கும், ஆயினும் அமெரிக்காவில் இது பழந்தொழில். 1872ஆம் ஆண்டில் மொன்கொமரி வார்ட் என்பவர் சிக்காகோ நகரிலிருந்து தபால்மூலம் பண்டம் விற்கத் தொடங்கினார். அவ்வகை வாணிகம் வளர வளர, கண்காணா ஊரிலுள்ள கமக்காரனின் பெயரும் ஒரு சரக்காயிற்று. கோழி வளர்ப்போர், பூந்தோட்டம் வைத்திருப்போர், புதிதாய் மணம் முடித்தோர் எனத் தரம்பிரித்துத் தொகுத்தவனுக்கு, ஆயிரம் பெயருக்கு இவ்வளவென்று பணங் கிடைத்தது.

இத்தொழிலில் நாம் வியந்த நுட்பம் ஒன்றுண்டு. பட்டியல் பெரும்பாலும் விற்கப்படுவதில்லை. ஒருமுறை கடிதம் அனுப்புவதற்கென வாடகைக்கே விடப்படும். எடுத்தவன் இரகசியமாக மறுமுறையும் பயன்படுத்தினால் என் செய்வது? அதற்காகவே உரிமையாளன் தன் உறவினர் சிலரின் விலாசங்களை, பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் பட்டியலினிடையே புதைத்து வைப்பான். அனுமதியில்லாத இரண்டாங் கடிதம் அவ்வீட்டுக்கு வந்ததும் களவு வெளிப்பட்டுவிடும். கள்வனைப் பிடிக்க இல்லாத மனிதர் காவல்!

இன்னொன்று, இச்சரக்கு வெற்றிலைபோல் வாடுவது. மாந்தர் வீடு மாறுவர், மணம் முடிப்பர், மறைவர். பட்டியலைத் திருத்தாதவன், காலஞ்சென்ற தந்தைக்கு மூக்குக்கண்ணாடி விளம்பரம் அனுப்பி மகளைக் கண்கலங்க வைப்பான்.

விலாசம் யாருடைய சொத்து? இங்கிலாந்தில் வாக்காளர் இடாப்பையே வியாபாரிகளுக்கு விற்றுவந்தனர். இளைப்பாறிய கணக்காளர் ஒருவர் அதனை எதிர்த்து வழக்காடி 2001இல் வென்றார். அதன்பின் விற்பனைக்கென வேறோர் இடாப்பு வகுக்கப்பட்டது. விரும்பாதவர் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். இலங்கையிலும் 2022ஆம் ஆண்டில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விபரத்தை அதற்கு ஒவ்வாத வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று.

நம் வகுப்பறை வாயிலுக்கும் இவ்வியாபாரம் வந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைகளின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் கொடுத்தால், பெயரொன்றுக்கு இருபது ரூபா தருவதாகத் தனியார் கல்வி நிலையமொன்றின் முகவர் நம்மை அணுகினார். "ஏழைப் பிள்ளைக்கும் நல்ல வகுப்பு எங்கேயிருக்கிறதென்று தெரியட்டுமே, சேர்" என்றார். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால், பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்தால் சொல்லியனுப்புவதற்கென்றே பெற்றோர் அவ்விபரங்களைத் தந்தனர். தந்தையின் தொழிலும், சில பிள்ளைகளுக்குத் தந்தை இல்லையென்ற செய்தியுங்கூட அதே பக்கத்திலிருக்கின்றன. மறுத்தோம்.

இரு கிழமைக்குப் பின் மாணவியொருத்தி பளபளக்கும் கடிதவுறையொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பாடசாலைப் பதிவேட்டில் அவளுடைய தலைப்பெழுத்து முன்னர் எவராலோ பிழையாக எழுதப்பட்டிருந்தது. வேறெங்கும் அப்பிழை இல்லை. உறையின்மேலும் அதே எழுத்து இருந்தது.