உச்சியில் சாப்பாடு இல்லை

பிரயாணத்துக்குத் திட்டம் போடுவதில் ஒரு தனி இன்பம் உண்டு. போய் வந்த பிறகு கால் வலியும் கடனும்தான் மிஞ்சுகின்றன. போவதற்கு முன்னால் தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு விரலால் ஊர் ஊராக நகருகிறோமே, அப்போது செலவும் இல்லை, சிரமமும் இல்லை. ஏறப் போவது சாதாரண மலையாக இருந்தால் இந்த இன்பத்துக்குக் குறைவே வராது. எவ்வளவு உயரம், எத்தனை மணி நேரம், தண்ணீர் எங்கே கிடைக்கும், இருட்டுவதற்குள் இறங்கிவிடலாமா, இவ்வளவுதான் கேள்வி. மலை அங்கேயே நிற்கும். நம்முடைய கால்களைப் பற்றித்தான் நாம் கணக்குப் போட வேண்டும்.

எரிமலை விஷயம் வேறு. நாம் போகிற நாளுக்கு நமக்கு ஓர் உத்தேசம் இருப்பது போல அதற்கும் ஓர் உத்தேசம் இருக்கலாம். அதை அது நம்மிடம் சொல்வதில்லை.

என் அக்காள் மகன் ஜப்பானில் நகோயா நகரத்தில் எஞ்சினீயராக இருக்கிறான். 2023-ஆம் வருஷம் செப்டம்பரில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுக்குப் பத்து வயதில் ஒரு பையன். அந்தப் பையன் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டான். நாற்பத்தேழு வயதில் தாத்தா ஆவதில் எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. ஆனால் உறவு முறை வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது? "மாமா, இந்தத் தடவை ஒந்தாகே ஏறிவிடலாம்" என்று மருமகன் ஆரம்பித்து வைத்தான். பையன் அன்றைக்கே தன் பையில் சாமான்களை அடுக்கத் தொடங்கிவிட்டான்.

ஒந்தாகே 3,067 மீட்டர் உயரம். ஜப்பானிய எரிமலைகளில் பூஜிக்கு அடுத்தபடி அதுதான் உயரமானது. நாகானோ, கிபு என்ற இரண்டு மாகாணங்களின் எல்லையில் நிற்கிறது. அந்த நாட்டாருக்கு அது மலை மட்டும் அல்ல, தெய்வம். முற்காலத்தில் நெடுநாள் விரதம் இருந்தவர்களைத் தவிர வேறு யாரும் ஏற முடியாது. 1785-ல் ககுமெய் என்ற துறவி ஒரு பக்கத்துப் பாதையையும், 1792-ல் புகான் என்ற துறவி இன்னொரு பக்கத்துப் பாதையையும் சாமானிய ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கும் வெள்ளை உடை உடுத்து, மணி அடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பக்தர்கள் ஏறுகிறார்கள். அவர்கள் இறந்த பிறகு ஆத்மா இந்த மலைக்கே திரும்பி வருகிறதாம். அதனால் அடிவாரமெங்கும் ஆயிரக்கணக்கில் நடுகற்கள்.

இவ்வளவு பழைய மலை நெருப்பை மறந்துவிட்டது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். சரித்திரத்தில் அது வெடித்ததாக ஏட்டில் ஒரு வரி கிடையாது. 1979 அக்டோபரில் ஒரு நாள் திடீரென்று வெடித்தது. 'செத்த எரிமலை', 'தூங்கும் எரிமலை' என்று பிரித்துப் பேசிக்கொண்டிருந்த விஞ்ஞானிகள் அந்த வார்த்தைகளையே கைவிட வேண்டியதாயிற்று. மலை தூங்கவில்லை, மனிதனுடைய ஞாபகந்தான் தூங்கிற்று.

பிறகு வந்தது 2014. செப்டம்பர் 27-ந் தேதி, சனிக்கிழமை. மேகமில்லாத வானம், மேப்பிள் இலைகள் சிவந்திருந்த பருவம். நூற்றுக்கணக்கானவர்கள் உச்சியை நெருங்கி, சாப்பாட்டு மூட்டையை அவிழ்க்கிற நேரம். 11-41-க்கு மலைக்குள் நடுக்கம் ஆரம்பித்தது. 11-52-க்கு வெடித்தது. நடுவில் பதினொரு நிமிஷந்தான். 58 பேர் மாண்டார்கள். 5 பேருடைய உடல் இன்னும் அகப்படவில்லை. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியும் மாண்டவர்களில் சேர்த்தி.

நெருப்புக் குழம்பு பொங்கி வந்து அவர்களை எரித்துவிடவில்லை. மலையின் வயிற்றில் தேங்கிய தண்ணீர் சூடேறி, நீராவியாகி, கொதிகலத்தின் மூடியைப் போலப் பாறையைப் பிய்த்து எறிந்தது. அப்படிப் பறந்து வந்த கற்கள்தாம் பெரும்பாலோரைக் கொன்றன. இந்த மாதிரி நீராவி வெடிப்புக்கு முன்னறிகுறி மிகவும் சொற்பம். மலைக்குடில்களுக்குள் ஓடியவர்கள் பலர் பிழைத்தார்கள். சாம்பல் புகை எழும்புவதைப் படம் எடுத்துக்கொண்டு நின்றவர்களில் சிலருடைய காமிராக்கள் மட்டும் கீழே வந்து சேர்ந்தன.

அன்றைக்கு அரசாங்கம் அந்த மலைக்குக் கொடுத்திருந்த எச்சரிக்கை எண் என்ன தெரியுமா? ஒன்று. ஐந்து படிகளில் கடைசிப் படி. ஒன்று என்றால் 'சகஜ நிலை' என்று அர்த்தம் எழுதியிருந்தார்கள். அந்த மாதம் 10-ந் தேதி 52 சிறு நடுக்கங்களும் 11-ந் தேதி 85-ம் பதிவாகியிருந்தன. செய்தி வெளியிட்டார்கள், எண்ணை மட்டும் மாற்றவில்லை. மாண்டவர்களின் குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்தார்கள். எண்ணை அப்படியே விட்டதில் குறை உண்டு, ஆனால் கவனமாக ஆராய்ந்திருந்தாலும் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று 2022-ல் கீழ்க்கோர்ட்டு நஷ்ட ஈட்டை மறுத்தது. 2024-ல் தோக்கியோ மேல்கோர்ட்டும் மறுத்துவிட்டது.

வழக்கு ஒரு பக்கம் இருக்க, 2015-ல் ஒரு காரியம் செய்தார்கள். ஒன்று என்ற எண்ணுக்கு நேரே இருந்த 'சகஜ நிலை' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'இது உயிருள்ள எரிமலை என்பதை நினைவில் வைக்கவும்' என்று எழுதினார்கள். எழுத்தையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. மலை மாறவில்லை, எண்ணும் மாறவில்லை, சொல் மட்டும் மாறியது. ஆனால் 'சகஜம்' என்று படித்தவன் காமிராவை எடுப்பான். 'உயிருள்ளது' என்று படித்தவன் தலைக்கவசத்தை எடுப்பான்.

நாங்கள் திட்டம் போட்டபோதும் எண் ஒன்றாகத்தான் இருந்தது. மருமகனும் நானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினோம். ரோப் கார் 2,150 மீட்டர் வரையில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து உச்சிக்கு மூன்று, மூன்றரை மணி நேரம். பதினொரு மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவது. ஆளுக்கு ஒரு தலைக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி. வழியில் குடில் எங்கே, கான்கிரீட் ஒதுங்கிடம் எங்கே என்று படத்தில் சிவப்பு மையால் குறி. இவ்வளவும் எழுதிய பிறகு கடைசியாக நான் ஒரு வரி சேர்த்தேன்: 'உச்சியில் சாப்பாடு இல்லை.'

மருமகன் சிரித்தான். "மலைக்கு நம் கடிகாரம் தெரியுமா, மாமா? பன்னிரண்டு மணிக்கு வெடித்தது பத்து மணிக்கு வெடிக்காதா?"

"வெடிக்கும். எப்போது வெடிக்கும் என்று தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், அங்கே ஒரு மணி நேரம் உட்காருகிறவனுக்கு, கால் மணி நேரம் நிற்கிறவனைவிட நாலு பங்கு அபாயம். மலையின் நேரம் நம் கையில் இல்லை; நம் நேரம் நம் கையில் இருக்கிறதல்லவா?"

கணக்கு அவனுக்குப் பிடித்தது. எஞ்சினீயர் அல்லவா?

அதுவரை அடுப்படியில் இருந்தவள் அப்போதுதான் வந்தாள். மருமகனுடைய மனைவி என்னைச் சித்தப்பா என்று அழைப்பாள், முறை அப்படி. மேஜையில் கிடந்த காகிதத்தை ஒரு தடவை படித்தாள். அப்புறம் கேட்டாள்:

"சித்தப்பா, நீங்கள் இரண்டு பேரும் போவதை நான் தடுக்கவில்லை. உங்களுக்கு அபாயம் இன்னதென்று தெரியும். தெரிந்து சம்மதித்துப் போகிறீர்கள். குழந்தையிடம் எதைச் சொல்லிச் சம்மதம் வாங்கப் போகிறீர்கள்?"

மருமகன் நடந்துபோன வருஷங்களைக் கணக்குச் சொன்னான். தினமும் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்றான். ரஸ்தாவில் மோட்டார் விபத்து இல்லையா என்றான். எல்லாம் நியாயமான பேச்சுத்தான். ஆனால் அவள் கேட்ட கேள்வி அதுவல்ல. அபாயம் பெரிதா சிறிதா என்று அவள் கேட்கவில்லை. அது யாருடையது என்று கேட்டாள்.

பையன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது எளிதாயில்லை. "அவனும் அம்மாவும் எட்டாவது தங்கல் வரையில் வரட்டும்" என்றேன். 2,470 மீட்டரில் இருக்கிற அந்தக் குடிலுக்குப் பெயர் ந்யோனின்தோ. ஒரு காலத்தில் பெண்கள் அதற்கு மேல் ஏறக் கூடாது என்று தடை இருந்த இடம். இதைக் கேட்டதும் அவள், "அந்தக் காலத்தில் தடுத்து வைத்தார்கள், நான் நானாகவே நிற்கிறேன்" என்றாள். அங்கே அபாயமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. வாயருகே நிற்பதற்கும் வாசலில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் உண்டு. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்னும் ஒரு காகிதம் பாக்கி இருந்தது. நாகானோ மாகாணத்தில் 2016 முதல், குறித்த மலைப் பாதைகளில் ஏறுகிறவர்கள் முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். 2014-ல் பலர் எழுதாமலே ஏறியதால், மேலே யார் யார் அகப்பட்டுக்கொண்டார்கள் என்று தெரியாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். பெயர், வயது, பாதை, ஏறும் நேரம், இறங்கும் நேரம். கடைசிப் பத்தியில், ஏதாவது நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? மருமகன் தயக்கமில்லாமல் தன் மனைவியின் பெயரை எழுதினான். நான் ஊரில் இருக்கும் என் மனைவியின் பெயரை எழுதினேன். எழுதி முடித்ததும் பேனா சற்றுக் கனத்தது. அதுவரையில் போட்ட திட்டமெல்லாம் எங்களைப் பற்றியது. அந்த ஒரு பத்திதான் மற்றவர்களைப் பற்றியது.

ஏறினோம், சௌகரியமாக இறங்கினோம். உச்சியில் பன்னிரண்டு நிமிஷம் நின்றோம். காற்றில் கந்தக வாடை. தெய்வத்தின் சந்நிதிக்குப் பக்கத்தில், கல்மழைக்கு ஒதுங்குவதற்கென்று கட்டிய கான்கிரீட் அறைகள். வெள்ளை உடை அணிந்த ஒரு கிழவர் முதலில் சந்நிதியைக் கும்பிட்டுவிட்டு, பிறகு அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, இடம் போதுமா என்று கவனித்துவிட்டு வந்தார். பக்தியும் ஜாக்கிரதையும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. எட்டாவது தங்கலுக்கு இறங்கி வந்தபோது பையன் எங்களை எண்ணினான். இரண்டு என்று உரக்கச் சொன்னான். பிறகு எல்லாரும் சேர்ந்து சோற்று மூட்டையை அவிழ்த்தோம்.

நான் ஊர் திரும்பிய பின், அதே வருஷம் டிசம்பர் 3-ந் தேதி சுமத்ரா தீவில் மராப்பி எரிமலை வெடித்தது. 75 பேர் பெயர் பதிவு செய்துகொண்டு ஏறியிருந்தார்கள். 24 பேர் மாண்டார்கள். அந்த மலைக்கு 2011 முதல் இரண்டாம் எச்சரிக்கை இருந்தது. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று ஆராய்ச்சி நிலையம் சொல்லியிருந்தது. ஆனாலும் ஏறுவதற்கு அனுமதிச் சீட்டு கிடைத்துக்கொண்டிருந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். சீட்டைக் கையில் வாங்கியவனுக்கு, யாரோ நமக்காக யோசித்துவிட்டார்கள் என்ற தைரியம் வருவது இயற்கை.

அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி நகோயாவுக்குப் போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள். செய்தியை அவளும் பார்த்திருந்தாள். அதைப் பற்றி இருவருமே பேசவில்லை. "பையன் என்ன செய்கிறான்?" என்றேன்.

"படம் போடுகிறான், சித்தப்பா. பதினெட்டு வயதில் உச்சிக்குப் போகத் திட்டமாம். உங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறான்."

"சாப்பாடு எங்கே என்று எழுதியிருக்கிறான்?"

அவள் காகிதத்தை எடுத்துப் பார்க்கிற ஓசை கேட்டது. "எட்டாவது தங்கலில்" என்றாள்.