பனி நெருக்காத கப்பல்

செஞ்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. நீளம் 78 சென்டிமீட்டர், மூன்று பாய்மரங்கள். வருகிறவர்கள், கடலுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊரில் இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். அப்பா செய்தது என்பேன். ஐம்பதாண்டுகள் கதவும் நிலையும் செய்த தச்சர் அவர். கப்பல் எதையும் அருகில் நின்று பார்த்தவரில்லை.

பக்கவாதத்தில் அவருடைய இடக்கை தளர்ந்தபின் பட்டறை மூடப்பட்டது. சென்னைக்கு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு விடுமுறையிலும் வற்புறுத்துவேன். ஒவ்வொரு முறையும் அது சண்டையில் முடியும். பிறகு எங்களுக்குள் பேசப் பொருளே இல்லாமல் போயிற்று. அந்த மௌனத்துக்குப் பயந்துதான் ஒருமுறை ‘ஃபிராம்’ கப்பலின் வரைபடத்தை, ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, அச்செடுத்துக் கொண்டுபோனேன்.

தாளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். “இது இன்னாடா, பாதி தேங்கா மூடியாட்டம் இருக்குது?”

கதையைச் சொன்னேன். 1881இல் ‘ஜீனட்’ என்ற கப்பலை வடதுருவக் கடலின் பனி நொறுக்கியது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதன் சிதைவுகள் கிரீன்லாந்துக் கரையில் ஒதுங்கின. பனி ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்கிறது என்று நார்வேக்காரர் நான்சன் அதிலிருந்து ஊகித்தார். பனியோடு சேர்ந்து நகரக்கூடிய ஒரு கப்பலைக் கேட்டார். காலின் ஆர்ச்சர் 1892இல் அதைக் கட்டிமுடித்தார். பக்கங்கள் உருண்டை, அடிக்கட்டை வெளியே துருத்தாது, சுக்கானையும் சுழல்விசிறியையும் மேலே தூக்கிக்கொள்ளலாம். பனி நெருக்கினால் பிடி கிடைக்காமல் கப்பல் மேலெழும்பிவிடும். 1893 செப்டம்பரில் பனியில் சிக்கிய ஃபிராம் 1896 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. போன பதின்மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

“அலையில உருளுமே” என்றார் அப்பா. திறந்த கடலில் அது படுமோசமாக உருண்டது உண்மைதான். நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

சட்டங்களைப் பூவரசில் அறுத்தார். பலகைகளுக்கு எங்கள் பழைய வீட்டுக் கதவின் தேக்கு. மெல்லிய கீற்றுகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். இடக்கை பிடிக்காத இடத்தில் முழங்காலால் பிடித்துக்கொண்டார். ஏழு மாதங்கள் ஆயின. சுக்கான் மேலே ஏறி இறங்க ஒரு பொந்தும் வைத்தார்.

ஒரு மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். எதிரே ராஜகிரி. 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை. உள்ளே இருந்த ராஜாராம் தப்பிப் போனார், கோட்டை விழுந்தது. பேச்சுக்கிடையே அதைச் சொல்லிவிட்டு, “நகரத் தெரிந்தவர் பிழைத்தார்” என்றேன். அவர் மசிய மறுக்கிறார் என்பதையே மறைமுகமாகச் சொன்னேன்.

அப்பா இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “கப்பல் எங்க நவுந்துச்சி? பனிதானே நவுந்துச்சி. இது சும்மா கெடந்துச்சி.”

எனக்குப் பதில் இல்லை. நெருக்கிக்கொண்டிருந்தவன் நான் என்பது அன்றே விளங்கிவிட்டதாகச் சொன்னால் பொய். அதன்பின் சென்னைப் பேச்சை எடுக்கவில்லை என்பது மட்டும் உண்மை. வாரக்கடைசிகளில் நான் செஞ்சிக்குப் போகத் தொடங்கினேன்.

பாய்மரங்களுக்குக் கயிறு கட்டும் வேலையை என்னிடம் விட்டார். அவ்வளவு சிறிய முடிச்சு ஒரு கையால் ஆகாது. நான் கட்டியவை அழகாக இல்லை. அவர் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் போனபோது இரண்டு முடிச்சுகள் அவிழ்க்கப்பட்டுத் தொங்கின. மீண்டும் கட்டினேன். அதற்கடுத்த வாரம் ஒன்றுதான் அவிழ்ந்திருந்தது.

அப்பா போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. அசல் ஃபிராம் ஆஸ்லோவில் தனக்கென்று எழுப்பிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பார்க்கலாம். எங்கள் கப்பலில் அந்த ஒற்றைக் கயிறு இன்னும் அவிழ்ந்தே தொங்குகிறது. அதைக் கட்ட எனக்குத் தெரியும். சரியாகக் கட்டினேனா என்று பார்க்கத்தான் ஆளில்லை.