குண்டலிகா கடலில் சேருமிடம்

அலிபாக்கிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர் வந்ததும் தார்ச்சாலை ஒரு கோட்டைச் சுவருக்குள் நுழைகிறது. ரேவ்தண்டா ஊர் அந்தச் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறது. ஓட்டு வீடுகள், அவற்றை ஒட்டித் தென்னையும் பாக்கும் நெருக்கி நிற்கும் தோட்டங்கள். இங்கே அவற்றை ‘வாடி’ என்கிறார்கள். கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, எங்கோ தென்னை மட்டை விழுகிறது. காலையில் செம்பூரில் ரயிலேறி, கேட்வேயில் படகு பிடித்து, மாண்ட்வாவில் இறங்கிப் பஸ்ஸில் வந்தவனுக்கு இந்த அமைதி பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கடற்கரை கருமணல். சவுக்குத் தோப்பு முடியுமிடத்தில் கோட்டைச் சுவர் நேராகக் கடலைப் பார்த்து நிற்கிறது. ஏற்றத்தில் அலை வந்து அதன் அடிக்கல்லை நனைக்கும். சனி ஞாயிறுகளில் மும்பைக் கூட்டம் பெரும்பாலும் அலிபாக்கிலேயே நின்றுவிடுகிறது, மிச்சம் காஷித் பக்கம் போய்விடுகிறது. நடுவில் இருக்கும் இந்த ஊரை வண்டியின் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடப்பவர்களே அதிகம். எனக்கு அது ஆற்றாமையாகவே இருக்கிறது. மும்பை என்ற பெயர் உலகத்துக்குத் தெரிவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்த துறைமுகம் இது.

ரேவ்தண்டாவை ஒட்டிய பழைய ஊர் சௌல். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளுஸ்’ என்னும் கடல்வழிக் கையேடு சொல்லும் ‘செமில்லா’ இதுதான் என்பது அறிஞர் கருத்து. அதே கையேடு கரையோடு இறங்கி வந்து முசிறியைச் சொல்கிறது, பின் கீழைக்கரையில் ‘கமரா’, ‘பொதுகே’ என்கிறது. காவிரிப்பூம்பட்டினமும் அரிக்கமேடும் என்று அவற்றை அடையாளம் காண்கிறார்கள். பூம்புகாரில் யவனர் குடியிருந்ததைச் சிலப்பதிகாரத்தில் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கரை அந்நியமானதல்ல. எகிப்தின் செங்கடல் துறைகளில் பாய் விரித்து, பருவக்காற்றைப் பிடித்து வந்த வணிகத்துக்கு இதுவும் பூம்புகாரும் துறைகள். மத்தியதரைக் கடலோர நகரங்களின் படங்களைப் பார்த்து ஏங்கும் என் நண்பர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது: அங்கிருந்து சரக்கு தேடி வந்தவர்கள் இறங்கிய கரை நமக்கு அரை நாள் தொலைவில் இருக்கிறது.

ஊருக்குள் சாத்கானி கோபுரத்தைத் தேடிப் போனேன். பிரான்சிஸ்கன் துறவிகளின் மடத்துக் கோபுரம், ஏழு தளம் இருந்ததால் அந்தப் பெயர். மேல்தளங்கள் விழுந்துவிட்டன. சுற்றிலும் புதர், ஒற்றைச் சுவர்களாக நிற்கும் தேவாலயங்கள். 1521-இல் அகமதுநகர் நிஜாம் ஷாவின் அனுமதியோடு போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். 1740-இல் மராட்டியர் கைக்குப் போனது. அந்த இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளின் முற்பாதியில் மும்பை சதுப்பும் தென்னந்தோப்புமான சில தீவுகள்; சௌல்தான் நகரம். 1661-இல் போர்ச்சுகீசிய இளவரசி கேத்தரீனின் திருமண ஒப்பந்தத்தில் மும்பை ஆங்கிலேயருக்குப் போய், அங்கே துறைமுகம் வளர வளர, இங்கே வணிகம் ஒடுங்கியது. நாம் பிழைக்க வந்த நகரம் எழுந்த கதையும் இந்தச் சுவர்கள் இடிந்த கதையும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன.

வாஸ்கோ ட காமாவுக்கு முன்பே, 1469-ஐ ஒட்டி, அஃபனாசி நிகிதின் என்ற ரஷ்ய வணிகர் ஒரு குதிரையோடு சௌலில் வந்து இறங்கினார். அவருக்கு இங்கே ஒரு பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. ஊரில் பேத்-எல் என்ற யூதத் தொழுகைக்கூடமும் இருக்கிறது. கப்பல் உடைந்து அலிபாக்குக்கு வடக்கே நவ்காவ் கரையில் ஒதுங்கிய ஏழு இணையர் தங்கள் முன்னோர் என்பது பெனே இஸ்ரேல் மக்களின் மரபுக் கதை. செக்கில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்தவர்கள், சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள். ஆகவே ஊரார் ‘ஷனிவார் தேலி’ என்றார்கள். மராத்தியே வீட்டு மொழி. 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்.

குண்டலிகா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சாளாவ், அங்கிருந்து திரும்பினால் கோர்லயி. கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து படியேறி மலைக்கோட்டைக்குப் போனேன். 1594-இல் போர்ச்சுகீசியர் நிஜாம் ஷாவிடமிருந்து பறித்த கோட்டை. குறுகலாக, நீளமாக, மலை முதுகோடு ஓடுகிறது. மேலே நின்றால் ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் ஆறு, எதிர்க்கரையில் ரேவ்தண்டாவின் தென்னைகள். கீழே கழிமுகத்தில் கோலி மீனவர்கள் முளை நட்டு வலை கட்டியிருந்தார்கள்.

இந்தத் தண்ணீரில்தான் 1508 மார்ச்சில் ஒரு கடற்போர் நடந்தது. மிளகு ஆப்பிரிக்காவைச் சுற்றி லிஸ்பனுக்குத் திரும்பிவிட்டதால், செங்கடல் வழியாக அலெக்சாண்டிரியாவுக்கும் வெனிஸுக்கும் போன வணிகம் வற்றத் தொடங்கியது. எகிப்தின் மம்லூக் சுல்தான் கப்பற்படை கட்ட முடிவு செய்தார். சூயஸில் மரம் கிடையாது. மத்தியதரைக் கடலின் வடகரையில் வெட்டிய மரத்தைக் கடல் தாண்டி எகிப்துக்குக் கொண்டுவந்து, சூயஸுக்குச் சுமந்து கப்பல் கட்டினார்கள். அந்தக் கப்பல்கள் அமீர் ஹுசைன் தலைமையில் இங்கே நுழைந்தன. தியூவின் ஆளுநர் மாலிக் அயாஸின் படகுகளும் வந்து சேர்ந்தன. போர்ச்சுகீசிய அரசப் பிரதிநிதியின் மகன் லூரென்சோ த அல்மெய்தா வெளியேற முயன்றபோது, அவருடைய கப்பல் மீனவர்கள் நட்டிருந்த முளைகளில் சிக்கிக்கொண்டது. அவரும் அங்கேயே இறந்தார். மகனுக்காகத் தந்தை மறு ஆண்டு தியூவில் பழிதீர்த்தார். அதன்பின் இந்தக் கடல் ஐரோப்பியர் கைக்குப் போயிற்று. அரசர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். அன்று அந்த முளைகளை நட்டவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, அவர்களுடைய தொழில் மட்டும் கீழே நடந்துகொண்டிருக்கிறது.

இறங்கி ஊருக்குள் வந்தேன். நான் இவ்வளவு தூரம் வந்ததே இந்த ஊருக்காகத்தான். 1740-இல் போர்ச்சுகீசியர் போய்விட்டார்கள், மொழி போகவில்லை. கோர்லயியின் கத்தோலிக்கர்கள், ஏறக்குறைய ஆயிரம் பேர், இன்றும் வீட்டில் ஒரு போர்ச்சுகீசியக் கலப்பு மொழி பேசுகிறார்கள். ‘நோ லிங்’, எங்கள் மொழி என்கிறார்கள். சொற்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசியம். வினையைக் கடைசியில் வைக்கும் வாக்கியம் மராத்தி தந்தது. அரசு ஆதரவு, பள்ளிக்கூடம், அச்சுப் புத்தகம் எதுவும் பின்னால் இல்லை. ஊர் ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒதுங்கியிருந்தது, திருமணம் தங்களுக்குள்ளேயே நடந்தது, அதனால் நிலைத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

கார்மேல் மாதா கோவிலுக்கு அருகே திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மராத்தியில் பேச்சுக் கொடுத்தேன். “மாவ்ஷி, வீட்டில் எல்லாரும் பேசுவீர்களா?”

“நாங்கள் பேசுவோம். பேரப்பிள்ளைகளுக்குப் புரியும். பதில் மராத்தியில் வரும்.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் மதராசியா? உங்கள் வீட்டில்?” என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர், மாட்டுங்காவிலிருந்து வாராவாரம் பத்திரிகை வாங்கி வருவார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது அந்தப் பக்கங்களில். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நம் மொழிக்குக் கோடிக்கணக்கான மக்களும், ஒரு மாநிலமும், இரண்டாயிரம் ஆண்டு நூல்களும் பின்னால் நிற்கின்றன. அந்த நம்பிக்கையில்தான் இந்த நகரத்தில் நாம் அலட்சியமாக இருக்கிறோமோ என்று கோர்லயியில் நின்றபோது பயம் வந்தது. ஆயிரம் பேர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு தாங்கியதை, இவ்வளவு பேர் இருந்தும் மூன்று தலைமுறையில் நாம் நழுவ விடலாமா?

மாவ்ஷியிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. “அவளை ஒரு நாள் இங்கே கூட்டி வாங்க, என் பேத்தியும் அவள் வயசுதான்” என்றார். கூட்டிப் போகத்தான் போகிறேன். அவர்கள் இருவரும் மராத்தியில்தான் பேசிக்கொள்வார்கள்.