அத்தாவின் படகும் புதிய ஒலிபெருக்கியும்



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடைக்காலமான அந்த 61 நாள்களில்தான் மராமத்து வேலைகள் நடக்கும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நான், என் பங்காக அத்தாவின் படகுக்குப் புதிய ஒலிபெருக்கி வைத்துக் கொடுப்பதென நிய்யத் செய்துகொண்டேன். பழையதன் காகிதக் கூம்பு உப்புக் காற்றில் நைந்துபோயிருந்தது. பிளாஸ்டிக் கூம்பு கொண்ட நான்கு ஒலிபெருக்கிகளும் 12 வோல்ட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் வாங்கினேன்.

ஃபஜ்ருக்குப் பின் அத்தா கிராஅத் கேட்பார். மீன் பிரிக்கும்போது நாகூர் ஹனீபாவின் பாடல்கள் ஒலிக்கும். முஸ்லிமல்லாத இரு தொழிலாளர்களுக்கும் அவை மனப்பாடம். (இசை கூடுமா, கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள்.)

எஞ்சினைக் கிளப்ப 24 வோல்ட் வேண்டும் என்பதால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைக் கோத்து வைத்திருந்தார்கள். நான் அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு வயர் எடுத்தேன். சுலபமாகத் தோன்றியது. ஒன்று மட்டும் தேய்ந்துகொண்டே போனால், மற்றது நிறைந்திருந்தும் எஞ்சின் கிளம்பாது என்பதை நான் யோசிக்கவில்லை. வயர்லெஸ்ஸும் ஏற்கெனவே அதே பேட்டரியில்தான் இருந்தது.

தடை முடிந்தபின் முதல் பயணத்தில் நானும் போனேன். இஷா தொழுதுவிட்டு, எஞ்சினை நிறுத்தி, பாட்டு ஒலிக்க மீன் பிரித்தோம். நள்ளிரவில் அத்தா சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகி அடங்கியது. வயர்லெஸ்ஸின் விளக்கும் அணைந்தது. கச்சான் காற்று படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. கிழக்கே எல்லை. அதைத் தாண்டினால் என்ன நேரும் என்பதைக் கரையோரக் குடும்பங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தா சத்தம் போடவில்லை. நங்கூரத்தை இறக்கச் சொன்னார். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. அல்லாஹ்வின் கிருபையால் நங்கூரம் பிடித்தது. டார்ச்சை மாறி மாறி மாலுமிகள் சுழற்றினார்கள். பாங்கு நேரம் நெருங்கும்போது ஒரு படகு வந்து பேட்டரி கொடுத்தது.

கரை திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். ஒட்டகத்தைக் கட்டும் ஹதீஸை எனக்கு நினைவூட்டுவார் என எதிர்பார்த்தேன். அவரோ, "வயரை எங்கே கொடுத்தாய் என்று நானும் கேட்கவில்லையே தம்பி," என்றார். சற்றுப் பொறுத்து, "வயர்லெஸ் நின்றுபோனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்ச காலமாகவே அதில் கூப்பிடுவது சரியாகக் கேட்பதில்லை," என்றார்.

ஆண்டுக்கணக்கில் எஞ்சின் இரைச்சலுக்கு அருகில் நின்ற காதுகள். அம்மாவிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. பாட்டை அவர் ஏன் உரக்க வைக்கச் சொன்னார் என்பது அப்போதுதான் புரிந்தது. நான் அதை ரசனை என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரமே ஒலிபெருக்கிக்குத் தனி பேட்டரியும் ஃபியூஸும் வைத்தேன். நான்கில் இரண்டைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பணத்தில் வயர்லெஸ்ஸுக்கென ஒரு சிறு ஒலிபெருக்கி வாங்கி, சுக்கானருகே அத்தாவின் காது உயரத்தில் பொருத்தினேன்.

ஊருக்குக் கிளம்பும் முன்தினம், பக்கத்துப் படகில் ஏறி, வயர்லெஸ்ஸில் அத்தாவுக்கு ஸலாம் சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உடனே பதில் ஸலாம் வந்தது.