உடனே என்னும் சொல்

குறுகிய காலத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள் உண்டு என்று மாணவர் சிலர் நம்மிடம் வினவினர். மினிட், செக்கன், மோமன்ட், ஜிஃபி, ட்றைஸ் என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போகலாம். பேச்சு வழக்கில் இவை யாவும் ஏறக்குறைய ஒரே பொருளையே தருகின்றன. ஆயினும் அவை பிறந்த இடங்கள் வேறு.

‘மினிட்’ என்பதற்கு இலத்தீன் மொழியில் ‘சிறு கூறு’ என்று பொருள். மணியை அறுபதாக வகுத்தபோது கிடைத்த முதற் கூறு அது. அதனை மீண்டும் அறுபதாக வகுத்தபோது கிடைத்தது ‘இரண்டாம் சிறு கூறு’. அத்தொடரில் ‘இரண்டாம்’ என்ற சொல் மட்டுமே எஞ்சி, ‘செக்கன்’ என்று நம் பாடநூல்களில் நிற்கிறது. ‘மோமன்ட்’ என்பது அசைவைக் குறித்த சொல்லின் வழி வந்தது. தராசின் தட்டைச் சாய்க்கப் போதுமான சிறு எடை என்பதும் அதன் பழம் பொருள்களுள் ஒன்று. இடைக்கால ஐரோப்பாவில் மணியின் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 90 செக்கன், ஒரு மோமன்ட் எனக் கணக்கிடப்பட்டது. ‘ட்றைஸ்’ என்பதோ கயிற்றை இழுக்கும் தொழிலிலிருந்து வந்தது. ‘ஒரே இழுப்பில்’ என்பதே அதன் கருத்து. கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்போரைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தமிழும் இவ்வகையில் வறிய மொழியன்று. கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் கொண்டது. ஒரு நாளுக்கு நாழிகை 60; நாழிகை ஒன்றுக்கு நிமிடம் 24. நாழிகையை அறுபதாக வகுத்தால் வருவது விநாடி. அது 24 செக்கனுக்குச் சமம். இன்றோ தமிழகத்தார் செக்கனையே விநாடி என்கின்றனர். ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகள் இருப்பின் கணக்குப் பிழைக்கும். நம் அயலூராகிய காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள், 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அத்தகைய பணியின் அருமை இங்கேதான் விளங்குகிறது. செக்கனின் அளவையும் உலக விஞ்ஞானிகள் 1967ஆம் ஆண்டு சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என வரையறுத்துவிட்டனர்.

அளவைச் சொற்களைக் காக்க அறிஞர் இருக்கின்றனர். வாக்குறுதிச் சொற்களைக் காப்பவர் யார்?

ஆங்கிலத்தில் ‘சூன்’ என்ற சொல் ஆதியில் ‘உடனே’ என்றே பொருள்பட்டது. ‘அனன்’, ‘பிரெசன்ட்லி’ என்பனவும் அவ்வாறே. பின்னர் மூன்றும் ‘சற்றுப் பின்னர்’ என்னும் பொருளுக்கு நெகிழ்ந்துவிட்டன. எந்த அரசனும் ஆணையிட்டு அவற்றை மாற்றவில்லை. உடனே வருவதாகச் சொல்லித் தாமதித்து வந்தவர்களே தலைமுறை தலைமுறையாக அவற்றை மாற்றினர்.

நம் இல்லங்களில் நிகழ்வதும் இதுவே. ‘இந்தா வாறன் உம்மா’ என்று அறைக்குள்ளிருந்து குரல் எழுகிறது. உம்மா சோற்றை மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறார். கடையில் ‘ஒரு நிமிஷம் இருங்க’ என்கிறார்கள். நாம் தேநீர் அருந்திவிட்டு வந்தும் அந்த நிமிடம் முடிவதில்லை. ‘இன்ஷா அல்லாஹ்’ என்பது, முயல்வது நம் கடன், நிறைவேற்றுவது இறைவன் நாட்டம் என்னும் பணிவின் மொழி. அதனைச் செய்ய எண்ணாத காரியத்துக்குத் திரையாக்குவது தகுமா? காலத்தின்மீது சத்தியம் செய்து தொடங்கும் ‘அல் அஸ்ர்’ அத்தியாயத்தை இளமையிலேயே மனனம் செய்பவர்கள் அல்லவா நாம்!

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிற்று. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கடல் நம் கரையேறியது. அவ்விடைவெளியில் எந்த எச்சரிக்கையும் நம்மை வந்தடையவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் இழப்பைக் காணாத தெருக்கள் குறைவு. அலையைக் கண்ட பின்னர் ஓடுவதற்குக் கிடைத்தவை சில நிமிடங்களே.

அதன் பின்னர் இந்து சமுத்திர நாடுகளுக்கென எச்சரிக்கை அமைப்பு ஏற்பட்டது. கருவிகள் கடலின் அசைவை அளக்கின்றன. செய்தி நாடுதோறும் பறக்கிறது. ஆனால் அச்செய்தி இறுதியில் ஒரு வீட்டு வாசலில் வந்து ‘உடனே வெளியேறுங்கள்’ என்னும் சொல்லாகத்தான் நிற்க வேண்டும். ‘உடன்’ என்றால் ‘கூட’ என்று பொருள். சொல்லோடு கூடவே செயலும் நிகழ வேண்டும் என்பதே ‘உடனே’. நாள்தோறும் அச்சொல்லை ‘பிறகு பார்க்கலாம்’ என்று கேட்டுப் பழகிய பிள்ளையின் கால்கள் அன்று மட்டும் விரையுமா?

ஆதலால், அரை மணி நேரம் ஆகுமெனில் அரை மணி நேரம் என்றே சொல்வோம். அஸருக்குப் பிறகு எனில் அவ்வாறே சொல்வோம். ‘உடனே’ என்பதை மட்டும் இருக்கையிலிருந்து எழுந்து நின்ற பின்னரே சொல்வோம்.