சும்மா கிடக்கிற சேறு

மாசி மாதம் மன்னாருக்குப் போறீங்கள் எண்டால் பஸ்ஸில யன்னல் பக்கம் இருங்கோ. தள்ளாடி தாண்டித் தீவுக்குப் போற பாதையில ஏறினதும் ரெண்டு பக்கமும் ஆழமில்லாத தண்ணி. தூரத்தில வெளிறின ரோசாப்பூ நிறச் சீலையைக் காயப்போட்ட மாதிரி ஒரு கோடு தெரியும். அதுதான் பூநாரைக் கூட்டம்.

எங்கட வீட்டில இதைப் பற்றி ஒருத்தரும் பெரிசாய்க் கதைச்சதில்லை. கடல் எண்டால் மீன், வயல் எண்டால் நெல்லு. நடுவில இருக்கிற உவர்ச்சேறு ‘சும்மா கிடக்கிற’ இடம். அந்தச் ‘சும்மா’தான் எனக்கு இப்ப உறுத்துது. பூநாரை இங்க குஞ்சு பொரிக்க வாறதில்லை, இந்தச் சேற்றில சாப்பிடத்தான் வருது. அதின்ர நிறமே சாப்பாட்டாலதான். குஞ்சு சாம்பல் நிறம். பாசியிலயும் அதைத் தின்னுற சின்ன இறால்வகை உயிர்களிலயும் இருக்கிற கரோட்டினொயிட் கொஞ்சம் கொஞ்சமாய் இறகில ஏறித்தான் சிவக்கும். தின்னுற விதம் இன்னும் வேடிக்கை: சொண்டைத் தலைகீழாய்த் தண்ணிக்குள்ள விட்டு, நாக்கைப் பம்பி மாதிரி அடிச்சு, சேற்றுத் தண்ணியை வடிச்செடுக்கும். (முழங்கால் பின்னுக்கு மடியுது எண்டு சிரிப்பம். அது கணுக்கால்.)

வங்காலைப் பக்கத்தை 2008 இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. 2020 இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் வந்தன. அந்த மின்சாரத்தைக் கொண்டுபோற உயர் அழுத்தக் கம்பி சரணாலயத்துக்குள்ளாலதான் போகுது. பூநாரை இரவிலயும் பறக்கும். இருட்டில கம்பி தெரியாமல் மோதிச் செத்திருக்கு. எனக்குக் காற்றாலையோட கோவமில்லை, டீசல் எரிக்கிறதைவிட எவ்வளவோ நல்லது. கம்பியை எந்த வழியால இழுக்கிறதெண்டு முடிவெடுக்கேக்கையும் இது ‘சும்மா’ நிலமாய்த்தான் தெரிஞ்சிருக்கு, அதுதான் கோவம்.

எங்கட ஆக்களும் குறைவில்லை. போன வருசம் ரெண்டு பெடியள் கூட்டத்துக்கு மேல ட்ரோன் விட்டாங்கள். பூநாரை நிண்ட இடத்தில இருந்து அப்பிடியே எழும்பாது, தண்ணியில கனதூரம் ஓடித்தான் எழும்பும். தின்னுறதை விட்டிட்டு முழுக் கூட்டமும் ஓடினது. வீடியோ வடிவாய்த்தான் வந்திருக்கும். நாங்கள் அரை மணித்தியாலம் வெயிலுக்க நிண்டு பார்த்தம். திரும்ப இறங்கினதுகள்தான், ஆனா வெறுங்கண்ணுக்குத் தெரியாத தூரத்தில.