மே மாதத்துத் தேன்பெட்டிகள்

மார்த்தாண்டம் பக்கம் தேன் பார்க்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியில் போவார்கள். ரப்பர் மரம் இலையை உதிர்த்து மறுபடி துளிர்க்கும் காலம் அது. ரப்பரில் தேனீக்கு வேண்டிய மதுரம் பெரும்பாலும் பூவில் கிடைப்பதில்லை. துளிரிலையின் காம்பு நுனிச் சுரப்பிகளில்தான் கசிகிறது. பெட்டி பெட்டியாகத் தேன் எடுப்பார்கள், படம் பிடிக்கவும் நன்றாக இருக்கும். நான் போனது கத்திரி வெயிலில். "தேனெடுப்பு முடிஞ்ச பெறவு என்னத்த பாக்கப் போறிய?" என்று பெட்டிக்காரர் கேட்டார். வெயிலில் பெட்டிகளை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று பார்க்கத்தான் வந்தேன் என்றதும், "அப்பம் உச்சிக்கு வாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

இந்த வட்டாரத்தில் தேன்பெட்டி நூறாண்டுப் பழக்கம். 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் கிராமத்தாருக்குக் கற்றுக்கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. பெட்டி, அதற்கும் முன்பே நியூட்டன் பாதிரியார் நம் அடுக்குத் தேனீயின் உடலளவுக்கு ஏற்பச் சிறிதாக வடிவமைத்தது. கீழே புழு அறை, மேலே தேன் அறை, ஒவ்வொன்றிலும் ஏழு சட்டங்கள். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்தது. அதிலிருந்து மீண்டு வந்த தொழில் இது.

உச்சிக்குப் போனேன். அவருடைய பெட்டிகள் இரண்டு விளைகளில் இருக்கின்றன. ஒன்றில் முற்றிய ரப்பர். சித்திரையில் இலை அடர்ந்து தரையில் வெயில் விழாது. மற்றதில் பழைய மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நட்டு, நடுவே அன்னாசி போட்டிருக்கிறார்கள். இடுப்புயரக் கன்று யாருக்கு நிழல் தரும்? நிழல் விளையில் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை, அத்தனை அமைதி. அன்னாசி விளையில் ஒவ்வொரு பெட்டி வாசலிலும் ஈக்கள் கொத்தாக வெளியே தொங்கின. புதிதாகப் பெட்டி வைத்தவர்கள் இதைப் பார்த்துக் கூட்டம் பிரியப் போகிறது என்று பதறுவார்களாம். பெரும்பாலும் அது பிரிவு இல்லை. உள்ளே உடம்புச் சூட்டைக் குறைக்க, வேலையில்லாத ஈக்கள் வெளியே வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

புழு அறையை 34, 35 டிகிரியை ஒட்டி வைத்திருக்க வேண்டும் என்பது தேனீயின் கணக்கு. 36-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் வளரும் புழுவுக்குக் கேடு. அதற்காக வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறுகின்றன. குனிந்து பார்த்தால் தெரியும்: நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து நின்று, வெளிக்காற்றை உள்ளே தள்ளுகிறது. இத்தாலியத் தேனீ தலையை வாசல் பக்கம் திருப்பி, உள்சூட்டை வெளியே இழுக்கும்.

விசிறுவது மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். ரப்பர் மதுரம் வரும்போது அதிலேயே நீர் நிறைய இருப்பதால் தனியாகச் சுமக்கும் தேவை குறைவு. மதுரம் நின்றதும்தான் நெருக்கடி. தேனெடுப்பு முடிந்த நேரத்தில் பெட்டியில் ஈக்கூட்டம் உச்சத்தில் இருக்கும், வெயிலும் உச்சத்தில் இருக்கும், நீர் மட்டும் இருக்காது. சில ஈக்கள் தண்ணீர் சுமக்கின்றன. உள்ளே இருப்பவை வாங்கி அடைக்கண்களில் மெல்லிய துளியாகப் பூசி, நாக்கில் படலமாக நீட்டி ஆவியாக்குகின்றன. வாங்க ஆள் முந்தினால் சுமப்பவை மறுபடி ஓடும். யாரும் வாங்காவிட்டால் நிறுத்திக்கொள்ளும். மார்ட்டின் லிண்டவர் என்ற ஜெர்மானிய அறிஞர் இத்தாலியின் சலேர்னோ அருகே எரிமலைப் பாறைவெளியில், 70 டிகிரி வெயிலில் ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர் இருந்தவரை உள்ளே 35 டிகிரியைச் சுற்றியே நின்றது. பெட்டிக்காரர் லிண்டவரைப் படித்தவரில்லை. "வெயிலுக்கு ஈ சாவாது. வெள்ளம் இல்லேண்ணாதான் சாவும்" என்றார்.

தண்ணீர்ச் சட்டி அவர் மனைவியின் பொறுப்பு. அகன்ற மண்சட்டி, அதில் தேங்காய்க் கதம்பைத் துண்டுகள் மிதக்கின்றன. ஈ அவற்றில் உட்கார்ந்து குடிக்கும், முங்காது. வெயில் தொடங்குமுன்பே சட்டியை வைத்துவிட வேண்டும் என்றார் அந்த அக்கா. பக்கத்து வீட்டுச் சாக்கடையில் ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் நல்ல தண்ணீரை எவ்வளவு அருகில் வைத்தாலும் திரும்பாதாம். பெட்டிக் காலடியில் எறும்பைத் தடுக்க வைத்த சிரட்டைகளையும் அவர்தான் நிரப்புகிறார். மே மாத வெயிலில் அவை ஒரே நாளில் வற்றும். வற்றிய இரவே எறும்பு ஏறும். எறும்பு ஏறினால் அடுக்குத் தேனீ சண்டைக்கு நிற்காமல் பெட்டியை விட்டே போய்விடும். இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் தேன் எடுப்பவரைத்தான் படம் பிடிக்கிறார்கள். சிரட்டை நிரப்புகிறவரைப் பிடிப்பதில்லை.

அன்னாசி விளைப் பெட்டிகளுக்கு என்ன செய்கிறார்? நான்கு கம்பு நட்டு, மேலே தென்னங்கீற்றுப் பந்தல். பெட்டிக்கும் கீற்றுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. மழைக்காக மூடியில் தகரம் அடித்திருந்த பெட்டிகளில் தகரத்தின் மேல் காய்ந்த ஓலையைப் பரப்பியிருந்தார். மூடியின் ஒரு முனையில் சிறு குச்சியைச் செருகிச் சூடு வெளியேற வழி விட்டிருந்தார். விரல் நுழையும் அளவுக்குத் திறந்தால் மெழுகு அந்துப்பூச்சியும் திருட்டு ஈயும் உள்ளே வரும் என்பதால் குச்சி ஈர்க்குக் கனம்தான். நண்பகலில் பெட்டியைத் திறப்பதே இல்லை. சூட்டில் தளர்ந்த அடை சட்டத்தைத் தூக்கும்போதே அறுந்து விழும்.

நனைத்த சாக்கைப் பெட்டிமேல் போடச் சொல்கிறார்களே என்று கேட்டேன். அவர் சிரித்தார். இந்த ஊரில் வேர்வையே காய்வதில்லை, சாக்கு எங்கே காயும்? கோவில்பட்டி, மதுரை போன்ற வறண்ட ஊர்களில் ஈரச்சாக்கு நல்ல உபாயம். காற்று ஈரத்தை வாங்கிச் சூட்டைக் கொண்டுபோகும். கடலோரப் புழுக்கத்தில் அது பெட்டிக்குப் பூஞ்சை பிடிக்க வைப்பதுதான் மிச்சம். இங்கே நிழலும் காற்றும் முதலில், தண்ணீர் ஈக்கு, பெட்டிக்கு அல்ல. கையேடுகள் எல்லா ஊருக்கும் ஒரே வரியை எழுதிவிடுகின்றன. எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த உருப்படியான பாடம் இதுதான்.

வெயிலைவிட அவர்கள் அஞ்சுவது வண்டிப் பயணத்தை. பெட்டிகளைக் கேரளத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவதும் திருப்பிக்கொண்டு வருவதும் இரவில்தான். வாசலை வலையால் அடைத்திருப்பார்கள். ஒருமுறை வண்டி வழியில் பழுதாகி விடிந்துவிட்டதாம். அடைபட்ட ஈக்கள் பதறப் பதறச் சூடு ஏறும், சூடு ஏற ஏற இன்னும் பதறும். தண்ணீர் எடுக்க வெளியே போகவும் வழியில்லை. கட்டவிழ்த்தபோது பல பெட்டிகளில் அடை சரிந்து, தேனும் செத்த ஈயும் ஒன்றாக ஒழுகியதாம். தேன்மெழுகு முழுதாக உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் தேன் பாரத்தைத் தாங்க முடியாமல் தளர அதைவிட மிகக் குறைந்த சூடே போதும். அன்றிலிருந்து வண்டியில் ஏறும்போது ஒரு குடம் தண்ணீரும் ஏறுகிறது. வண்டி எங்கே நின்றாலும் முதலில் வலைமேல் தெளிப்பார்கள்.

மொட்டை மாடியில் பெட்டி வைக்க ஆசைப்படும் நகரத்து நண்பர்கள் இப்போது நிறைய. அவர்களுக்கு ஒரு வார்த்தை. சித்திரையில் பெட்டி வாங்காதீர்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவிலும் அனல் கக்கும். பெட்டியை அதிலிருந்து உயர்த்தி, மேற்கு வெயில் படாத மூலை பார்த்து வைக்க வேண்டும். அப்படி ஒரு மூலை உங்கள் வீட்டில் இல்லையென்றால் பெட்டி வேண்டாம். கூழாங்கல் போட்ட தண்ணீர்ச் சட்டி ஒன்று மட்டும் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். உங்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கும் தேனீக்கள் வந்து குடித்துக்கொள்ளும்.